நந்தி மலையில் பார்த்த பஞ்சுக்கொடி எது?

நீங்கள் கேட்டது இதுதான்: ஜனவரியில் குடும்பத்தோடு நந்தி மலைக்குப் போனபோது, மேலே ஏறும் சாலையோரப் புதர் முழுக்க வெள்ளைப் பஞ்சுருண்டையாகக் காய்த்துக் கிடந்த ஒரு கொடியைப் படம் எடுத்தீர்கள். கைபேசிச் செயலி அதைக் 'கிளெமாட்டிஸ் விட்டால்பா' என்றது. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் ஒருவர் 'கிளெமாட்டிஸ் கௌரியானா' என்று அடித்துச் சொன்னார். கோத்தகிரியில் இருக்கும் உங்கள் மச்சான், "இது எங்க தோட்டத்து வேலியிலயும் இருக்கு, இலை மட்டும் வெல்வெட் மாதிரி இருக்கும்" என்கிறார். மூன்றும் ஒன்றுதானா, நம்மூர்ச் செடியா வெளியிலிருந்து வந்ததா, எங்கெல்லாம் வளர்கிறது, வீட்டில் வைக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது யாரை நம்புவது, ஒரு காட்டுக்கொடியின் பெயர் எந்த அளவுக்கு உறுதியான விஷயம் என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தில் இருப்பது கிளெமாட்டிஸ் கௌரியானா. வாட்ஸாப்காரர் சொன்னது சரி. செயலி சொன்னது ஐரோப்பியச் செடி, அது நந்தி மலையில் இல்லை. மச்சான் சொல்வது பெரும்பாலும் கிளெமாட்டிஸ் வைட்டியானா என்ற வேறொரு இனம். மூன்றும் ஒரே பேரினத்துச் சொந்தங்கள், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல. நான் பெங்களூரில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்துப் பல வருடம் ஓட்டியவன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவட்டாரக் குன்றுகளை ஏறி இறங்கியதில் இந்தக் கொடியோடு நல்ல பழக்கம் உண்டு. ஆனாலும் படத்தை வைத்துச் சொல்லும் பதிலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அது எங்கே வருகிறது என்பதையும் போகப் போகச் சொல்கிறேன்.

இது கிளெமாட்டிஸ்தானா என்பதில் ஆரம்பிப்போம், ஏனென்றால் பஞ்சு பறக்கும் கொடிகள் நம் பக்கம் நிறைய. சின்ன வயதில் 'தாத்தா பூச்சி' என்று துரத்திப் பிடித்தோமே, அது எருக்கு, வேலிப்பருத்தி வகையறாக்களின் விதை. அவற்றில் காய் ஒன்று இருக்கும். அது முற்றி வெடித்ததும் உள்ளிருந்து தட்டையான விதைகள், ஒவ்வொன்றும் உச்சியில் பட்டுக் குஞ்சத்தோடு வெளியே வரும். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வெடித்த காய் எங்கேயும் இல்லை. ஒரே புள்ளியிலிருந்து பத்து இருபது சிறு காய்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, மயிர் அடர்ந்தது. அதன் நுனியிலிருந்து மயிர்க்கால் போட்ட நீண்ட வால் ஒன்று வளைந்து போகிறது. அந்த வால், பூவில் இருந்த சூலகத் தண்டு. மற்றப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் இது வாடி உதிரும். கிளெமாட்டிஸில் உதிராமல் நீண்டு, இறகாகி, காயைக் காற்றில் தூக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு அடையாளத்திலேயே வேலிப்பருத்திக் கூட்டத்தை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது அடையாளம் ஏறும் முறை. கொடிகளில் தண்டே சுற்றி ஏறுபவை உண்டு, பற்றுக்கம்பி விடுபவை உண்டு, முள்ளால் கொக்கி போடுபவை உண்டு. கிளெமாட்டிஸ் இலைக்காம்பால் ஏறும். உங்கள் மூன்றாவது படத்தில் அது அழகாக விழுந்திருக்கிறது: உண்ணிச்செடியின் குச்சி ஒன்றைச் சுற்றி, ஒரு சிற்றிலையின் (ஒரே இலை பல துண்டாகப் பிரிந்திருந்தால் அதில் ஒரு துண்டு) காம்பு இறுக்கி ஒரு முழுச் சுற்றுப் போட்டிருக்கிறது. சுற்றிய இடத்தில் காம்பு பருத்துக் கட்டையாகியிருப்பதையும் கவனியுங்கள். சுற்றாத காம்புகள் மெலிசாகவே இருக்கும். பிடி கிடைத்த காம்பு மட்டும் தடிக்கும். டார்வின் கொடிகளின் அசைவைப் பற்றி 1865-ல் எழுதிய நீண்ட கட்டுரையில் பல கிளெமாட்டிஸ் இனங்களை வளர்த்து, காம்பு மேல் லேசாக உரசினாலே அது அந்தப் பக்கம் வளைவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். செடி வளரும் இடத்தில் நின்றால் நீங்களும் பார்க்கலாம், ஆனால் அரை நாள் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே வருவது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கிளெமாட்டிஸ் சேர்ந்திருக்கும் ரனன்குலேசியே குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாச் செடிகளுக்கும் மாற்றிலைதான். எதிரிலை என்பது இந்தக் கூட்டத்தின் தனி முத்திரை. அந்தக் குடும்பம் நமக்கு அறிமுகமில்லாததும் இல்லை. கருஞ்சீரகம் அதில்தான் வருகிறது, குழந்தைக்கு உரைமருந்தில் சேர்க்கும் அதிவிடயமும் அதில்தான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம், பெரும்பகுதி குளிர்ந்த நாடுகளில். வெப்பநாட்டுக்குள் துணிந்து இறங்கி மரமேறிய கிளை என்று கிளெமாட்டிஸைச் சொல்லலாம்.

இத்தனை வரை சந்தேகமே இல்லாத பகுதி. இனி இனத்துக்கு வருவோம். இங்கே பூவை மட்டும் பார்ப்பவர்கள் வழுக்கி விழுவார்கள். கிளெமாட்டிஸ் பூவில் அல்லி இதழ் கிடையாது. நாம் இதழ் என்று நினைத்துப் பார்க்கும் நான்கு வெள்ளைப் பட்டைகளும் புல்லி இதழ்கள். நடுவே ஏராளமான மகரந்தத் தாள்கள், அதற்கும் நடுவே சூலகங்கள். இந்த அமைப்பு இனத்துக்கு இனம் அதிகம் மாறுவதில்லை. காய்த்தபின் எல்லாமே வெள்ளைப் பஞ்சுருண்டை. ஆகவே இலையைப் பார்க்க வேண்டும், அதிலும் அடிப்பக்கத்தை.

தென்னிந்தியாவில் இலையை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். பிரியாத ஒற்றை இலை, அகலமாக, இதய வடிவில், அடியிலிருந்தே ஐந்து நரம்பு ஓடினால் அது கிளெமாட்டிஸ் ஸ்மைலாசிஃபோலியா பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுச் செடி, பூவின் உட்புறம் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். மூன்று சிற்றிலை, தோல் மாதிரித் தடித்து, மயிரில்லாமல் பளபளப்பாக இருந்தால் ஹெடிசாரிஃபோலியா. மும்பைக்காரர்கள் மாத்தேரான், மகாபலேஷ்வர் போனால் பார்ப்பது இதை. இலை மூன்றாகப் பிரிந்தோ மூன்று மடலாகவோ, பட்டுப்போன்ற மயிரோடு, பூ பெரிதாகத் தூய வெள்ளையாக இருந்தால் ஹெய்னி, தக்காணத்து வறண்ட குன்றுகளுக்கு உரியது. ஐந்து சிற்றிலை, கரடுமுரடான பல், இரண்டு பக்கமும் குறிப்பாக அடியில் அடர்ந்த மென்மயிர் என்றால் வைட்டியானா. சிற்றிலை பெரும்பாலும் ஐந்து, சில இலைகளில் அடி ஜோடி மறுபடியும் மூன்றாகப் பிரிந்து, மேல்புறம் மழமழவென்று, நுனி கூராக நீண்டு, விளிம்பில் பல் இல்லாமலோ இங்கொன்று அங்கொன்றாகவோ இருந்தால் கௌரியானா. உங்கள் முதல் படத்தில் இடது ஓரம் தெரியும் இலை கடைசி வகைக்கு அப்படியே பொருந்துகிறது. கொத்தும் பொருந்துகிறது. கௌரியானாவின் பூக்கள் சின்னவை, ஒரு சென்டிமீட்டர் சொச்சம் அகலம், பாலேடு நிறம், மணம் உண்டு. இலைக்கக்கத்திலிருந்து கிளைத்துக் கிளைத்து வரும் பெரிய கொத்தில் நூற்றுக்கணக்கில் பூக்கும். அதனால்தான் ஜனவரியில் புதரே நரைத்த மாதிரி தெரிகிறது. பெரிய பூ பூக்கும் இனங்களில் இவ்வளவு நெருக்கமாக இருக்காது.

பூவே கிடைத்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸில் மகரந்தக் கம்பியை, அதாவது மகரந்தத் தாளின் மெல்லிய காம்பைப் பாருங்கள். கௌரியானாவில் அது வழவழப்பு. வைட்டியானாவில் மயிர் இருக்கும். சென்ற நூற்றாண்டுத் தாவர நூல்கள் இந்த இனங்களைப் பிரிக்கும்போது இந்த மயிரைப் பெரிதாக எடுத்துக்கொண்டன, இன்றும் அது செல்லுபடியாகிறது. உங்களிடம் இருப்பது காய்ப்பருவப் படம் என்பதால் இந்தச் சோதனையை என்னால் செய்ய முடியவில்லை. முன்னே சொன்ன எல்லை இங்கேதான் வருகிறது. இலை, கொத்து, இடம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுவதால் தயக்கமில்லாமல் கௌரியானா என்கிறேன். நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் பூ வேண்டும்.

செயலி ஏன் விட்டால்பா என்றது? அது முட்டாள்தனம் அல்ல. விட்டால்பா ஐரோப்பா முழுக்க வேலியோரங்களில் படரும் செடி. அதன் பஞ்சுருண்டையும் இதன் பஞ்சுருண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே பிரிக்க இலை வேண்டியிருக்கும். ஐரோப்பியர்கள் எடுத்துப் போட்ட படங்கள் எண்ணிக்கையில் எங்கேயோ இருக்கின்றன, நம் மலைகளின் படங்கள் அதற்கு முன்னால் ஒரு பிடி. செயலி படத்தின் சாயலைப் பார்த்து, அதிகம் பழகிய பெயரைச் சொல்லிவிட்டது. எடுத்த இடத்தைச் செயலியில் குறித்தால் சில சமயம் பதில் மாறும், செய்து பாருங்கள். விட்டால்பாவின் சொந்த எல்லை ஐரோப்பாவிலிருந்து மத்தியதரைக் கடல் சுற்றி காகசஸ் வரை. நியூஸிலாந்தில் மனிதர்கள் கொண்டுபோய் வைத்து அது காட்டு மரங்களை மூடிக் கொல்லும் தொல்லையாகிவிட்டது. நந்தி மலையில் இருப்பது அப்படி யாரும் கொண்டுவந்ததல்ல, மண்ணுக்குச் சொந்தமானது.

செயலியின் குழப்பத்துக்கு ஒரு கௌரவமான முன்னோடியும் உண்டு. 1885-ல் ஓட்டோ குன்ட்ஸே என்ற ஜெர்மானியர் கிளெமாட்டிஸ் முழுவதையும் திரட்டி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். அவர் சேர்ப்பதில் தாராளம். மற்றவர்கள் தனித்தனி இனமாக வைத்திருந்தவற்றை எல்லாம் அள்ளி அள்ளி ஒரே பெயருக்குள் போட்டார். நம் கௌரியானாவை விட்டால்பாவின் துணை இனமாக வைத்தார். இன்று யாரும் அதை ஏற்பதில்லை. ஆனால் ஐரோப்பியச் செடிக்கும் நம் செடிக்கும் இருக்கும் சாயல் ஒரு பெரிய நிபுணரையே அப்படி நினைக்க வைத்தது என்றால், கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வகைப்பாட்டின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் பரவலைப் பற்றிப் பேச முடியும். கிளெமாட்டிஸ் என்ற பேரினத்தை முறைப்படி நிறுவியது 1753-ல் லின்னேயஸ். கௌரியானா என்ற பெயரைக் கொடுத்தவர் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளராக 1793 முதல் 1813 வரை இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ. வங்கத்தில் மால்டா பக்கம் பாழடைந்து கிடக்கும் பழைய தலைநகர் கௌரை வைத்து இட்ட பெயர். அவர் அதை அச்சில் கொண்டுவரும் முன்பே 1815-ல் இறந்துவிட்டார். ஜெனீவாவின் டி காண்டோல் 1817-ல் அந்தப் பெயரை விளக்கத்தோடு வெளியிட்டார். அதனால்தான் நூல்களில் செடியின் பெயருக்குப் பின்னால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் நமக்கு முக்கியமானது ஒன்று: இந்தப் பெயரின் வேர் வங்கத்தில் இருக்கிறது. நந்தி மலைச் செடியை அந்தப் பெயரால் அழைக்கும்போது, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வளர்வதும் இதுவும் ஒரே இனம் என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். அந்த வாக்கு சரியா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

வைட்டியானா வந்தது 1834-ல், வைட்டும் ஆர்னட்டும் சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலில். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுதி 1872-ல் வெளிவரத் தொடங்கியபோது இவை எல்லாம் வரிசைப்படுத்தப்பட்டு, ஏறக்குறைய நாம் இன்று பயன்படுத்தும் வடிவத்துக்கு வந்துவிட்டன. கிளெமாட்டிஸின் இன எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக 300-ஐச் சுற்றி என்பார்கள், இப்போது அதற்கு மேலேயும் கணக்கிடுகிறார்கள். 2005-ல் சீனாவின் வாங், லி இருவரும் பேரினம் முழுமைக்கும் புதிய வகைப்பாடு ஒன்றைத் தந்தார்கள். நாற்றின் இலை அமைவு, மகரந்தக் கம்பியின் மயிர், பூவின் நிலை போன்ற வெளியடையாளங்களை வைத்த அடுக்கு அது. அதற்குப் பின் மரபணுவை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அடுக்கில் பல பிரிவுகள் இயற்கையானவையாகத் தெரியவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இன்றுள்ள இனங்களில் பெரும்பாலானவை புவியியல் கணக்கில் சமீபத்தில் பிரிந்தவை. அதனால் மரபணுவில் வேறுபாடு குறைவு, வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான மாற்றங்கள் பல கிளைகளில் தனித்தனியே வந்திருக்கின்றன. இன அளவில் நந்தி மலையில் உங்களுக்கு இது எந்தப் பாதிப்பையும் தராது. இனங்களைச் சேர்த்துப் பெரிய பிரிவுகளாக அடுக்கும்போதுதான் தரை ஆடுகிறது.

ஒரு மாற்றம் மட்டும் உங்கள் கண்ணில் படக்கூடும். நாரவேலியா என்று ஒரு கொடி உண்டு. இரண்டு சிற்றிலை, நடுச்சிற்றிலை இருக்க வேண்டிய இடத்தில் பற்றுக்கம்பி, அதே பஞ்சு வால். ரொம்ப காலம் அது தனிப் பேரினமாக இருந்தது. மரபணு ஆய்வு அதைக் கிளெமாட்டிஸ் பேரினத்தின் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. இப்போது பலர் கிளெமாட்டிஸ் சைலானிகா என்றே எழுதுகிறார்கள். பழைய நூலில் ஒரு பெயரும் இணையதளத்தில் ஒரு பெயரும் பார்த்தால் பதற வேண்டாம், செடி அதேதான்.

பெங்களூர்க்காரர் என்பதால் ஒரு கிளைக்கதை. மேலே ஹெய்னி என்ற இனத்தைச் சொன்னேன் அல்லவா, அந்தப் பெயருக்கு உரியவர் பெஞ்சமின் ஹெய்ன். 1770-ல் பிறந்த ஜெர்மானியர். மொராவிய மிஷனைச் சேர்ந்தவராக நம் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, லால்பாக் தோட்டத்தின் பொறுப்பு சில காலம் அவரிடம் இருந்தது. மைசூர்ச் சீமையில் அவர் சேகரித்த செடிகள் ஐரோப்பாவுக்குப் போய், ரோத் என்பவர் 1821-ல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. இந்தக் கிளெமாட்டிஸுக்கு அதில் டிரைலோபா என்று பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்குப் போய்விட்டிருந்ததால் செல்லாது என்று ஆகி, இந்தியத் தாவரவியலாளர் எம்.ஏ.ராவ் பின்னாளில் ஹெய்னி என்று மாற்றினார். லால்பாகில் நடக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தோட்டத்தின் பழைய பொறுப்பாளர் பெயரில் ஒரு காட்டுக்கொடி இருப்பது தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கௌரியானா எங்கெல்லாம் இருக்கிறது? பெங்களூர் நகரத்துக்குள் தேடாதீர்கள். ஹெப்பாலிலோ எலஹங்காவிலோ வேலியில் வெள்ளைக் கிளெமாட்டிஸ் பார்த்தால் அது யாரோ நட்ட ஜப்பானிய இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நர்சரிகளில் 'பானிகுலேட்டா' என்று விற்பது பெரும்பாலும் அதுதான், சரியான பெயர் டெர்னிஃப்ளோரா. உண்மையான பானிகுலேட்டா நியூஸிலாந்துக் காட்டுச் செடி, அது நம் ஊர் நர்சரிக்கு வருவதில்லை. காட்டுக் கௌரியானாவுக்குக் குன்று வேண்டும். நந்தி மலை உச்சி 1478 மீட்டர். சுற்றியுள்ள சமவெளியைவிடக் குளிர்ச்சி, காலையில் மேகம் தொட்டுப் போகும், அடிவாரத்தில் காய்ந்து கிடக்கும் மாதத்திலும் மேலே பாறை மடிப்புகளில் ஈரம் தங்கும். அந்த மாதிரி இடத்தில், அடர்காட்டின் உள்ளே அல்ல, அதன் விளிம்பில், வெளிச்சமும் ஏறப் புதரும் இருக்கும் இடத்தில் இது படரும். சாலை போட்டு வெட்டிவிட்ட சரிவுகள் அதற்கு ரொம்பப் பிடிக்கும். நீங்கள் சாலையோரத்தில் பார்த்தது தற்செயல் இல்லை.

இந்தத் தேவையை மனதில் வைத்தால் பரவல் வரைபடம் தானாகப் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக உண்டு. கிழக்கே சேர்வராயன், கொல்லி மலை மாதிரித் தனித்து நிற்கும் மலைகளில் உண்டு. வடக்கே சாத்பூரா, அதற்கும் வடக்கே இமயத்தின் அடிவாரக் குன்றுகள். டேராடூன் பக்கம் போகும் டெல்லி நண்பர்கள் இதையே பார்க்கலாம். நடுவே இருக்கும் பரந்த வறண்ட சமவெளிகளில் இல்லை. வால் முளைத்த விதை காற்றில் எவ்வளவு தூரமும் போகும், போய் விழுந்த இடத்தில் ஈரமும் நிழல் விளிம்பும் இல்லையென்றால் நாற்று பிழைக்காது. ஆகவே வரைபடத்தில் தொடர்ச்சியான நிறம் வராது, புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மலை. இவ்வளவும் ஹெர்பேரியங்களில் உலர்த்தி ஒட்டி வைத்த மாதிரிகளால் உறுதிப்பட்டது. பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் அப்படி ஒரு தொகுப்பு இருக்கிறது. செசில் சல்தானா தலைமையில் ஹாசன் மாவட்டத்துத் தாவரங்களை 1970-களில் திரட்டிய வேலை, கர்நாடகச் செடிகளைப் பற்றிப் பேசும் யாருக்கும் இன்றும் அடித்தளம்.

சந்தேகம் ஆரம்பிப்பது கிழக்கே. நேபாளம், பூடான், மியான்மர் வழியாகத் தெற்குச் சீனா வரைக்கும், அதையும் தாண்டி பிலிப்பைன்ஸ் வரைக்கும் கௌரியானா என்ற பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. சீனாவில் இதற்கு மிக நெருங்கிய இனங்கள் சில இருக்கின்றன, பீட்டரே என்பது அதில் ஒன்று. ஒரு காலத்தில் கௌரியானாவின் வகைகளாக வைக்கப்பட்ட செடிகள் பின்னால் அந்தப் பக்கம் மாற்றப்பட்டிருக்கின்றன. விளிம்பில் பல் எத்தனை, காயில் மயிர் எவ்வளவு என்பது மாதிரியான அளவு வித்தியாசங்கள்தான் அங்கே கோடு. அளவு வித்தியாசத்தில் கோடு கிழித்தால் கோட்டின் மேலேயே உட்காரும் செடிகள் எப்போதும் கிடைக்கும். நந்தி மலைச் செடியும் சேர்வராயன் செடியும் ஒரே இனம் என்று நான் பயமில்லாமல் சொல்வேன். நந்திச் செடியும் வங்கச் செடியும் ஒன்று என்பதையும் ஏற்கிறேன், இருநூறு வருடமாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் யாரும் பிரிக்கவில்லை. பிலிப்பைன்ஸ் தீவில் அதே பெயரில் அழைக்கப்படுவது இதேதானா என்று கேட்டால், நூல் அப்படிச் சொல்கிறது என்பதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன். பரவல் வரைபடங்களில் ஒரே நிறத்தில் பூசியிருக்கும் நிலம் முழுவதும் ஒரே அளவு உறுதியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டில் வைக்கலாமா? மலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம். சட்டச் சிக்கலை விட்டுத்தள்ளுங்கள், வேரோடு பிடுங்கிய கொடி பிழைப்பதே அரிது. விதையிலிருந்து வரவைப்பதற்கு மாதக்கணக்கில் பொறுமை தேவைப்படும். பால்கனித் தொட்டிக்கு இது பெரிது, மரத்தின் மேல் போர்வை போர்த்திவிடும். முக்கியமாக ஒன்று: தண்டையோ இலையையோ கசக்கினால் வரும் சாற்றில் புரோட்டோ அனிமோனின் என்ற பொருள் உண்டாகிறது. தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். இந்தக் குடும்பத்துக்கே பொதுவான தற்காப்பு இது. ஐரோப்பாவில் பிச்சைக்காரர்கள் விட்டால்பாச் சாற்றைத் தேய்த்துக் கொப்புளம் வரவைத்து இரக்கம் சம்பாதித்த கதை பிரசித்தம். காய்ந்தபின் அந்தப் பொருள் வீரியம் இழந்துவிடும், பச்சையாக இருக்கும்போதுதான் ஆபத்து. ஆகவே குழந்தைகள் இலையைக் கசக்கி மோந்து பார்ப்பதைத் தடுங்கள். பஞ்சை எடுத்து ஊதுவதில் பிரச்சினை இல்லை. நாட்டு வைத்தியத்தில் இதற்கு இது நல்லது அதற்கு அது நல்லது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வீட்டில் முயற்சி பண்ணாதீர்கள்.

மச்சான் விஷயம் பாக்கி. கோத்தகிரி உயரத்தில், வெல்வெட் இலையோடு வேலியில் படர்வது என்றால் வைட்டியானா என்பதே என் முதல் ஊகம். நீலகிரி, பழனி, பாபாபுடன்கிரி மாதிரி உயர மலைகளுக்கு உரியது அது. ஆனால் நீலகிரியில் மன்ரோயானா என்ற இன்னொரு மயிர் இலைக்காரரும் இருக்கிறார். வெல்வெட் என்ற ஒரு சொல்லை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அவரிடம் மூன்று படம் கேளுங்கள்: ஒரு முழு இலை, எத்தனை சிற்றிலை என்று எண்ணும்படி. அதே இலையின் அடிப்பக்கம், கிட்டத்தில். பூ இருந்தால் ஒரு பூவைப் பக்கவாட்டில் பிடித்து, மகரந்தத் தாள்கள் தெரியும்படி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. நீங்களும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ மறுபடி நந்திக்குப் போக நேர்ந்தால் அதே இடத்தில் அதே மூன்று படத்தை எடுங்கள், அப்போது கொடி பூவில் இருக்கும். இரண்டு செட்டும் வந்தால், உங்களுடையதை நூற்றுக்கு நூறு கௌரியானா என்று எழுதிக் கொடுக்கலாமா என்பது தெரிந்துவிடும், மச்சானுடையதற்கும் ஒரு பெயர் உறுதியாகும்.